கலை ரசனைக் குழு: முதலில் பேச்சு, பிறகு பயணம்

குமரி மாவட்டத்தில் ஒரு கலை ரசனைக் குழு தொடங்கினால் பார்க்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. தொல்லையும் அதில்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுசீந்திரம், பத்மநாபபுரம், திருவட்டாறு, சிதறால் என்று வேன் ஓட்டினால், ராத்திரி வீடு திரும்பும்போது எந்தத் தூணை எந்தக் கோயிலில் பார்த்தோம் என்றே குழம்பிப்போகும். ஒரு பயணத்துக்கு ஓரிடம் போதும். அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த இடத்தைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு. 'தென்னிந்தியச் சிற்பக்கலை' மாதிரி அகலமான தலைப்பு கொடுத்தால் பேசுபவர் பல்லவர் காலத்திலேயே நேரத்தைத் தீர்த்துவிடுவார்.

பேச்சு 45 நிமிடம், படம் 12. அறுபது படத்தோடு வருகிறவரிடம் முன்கூட்டியே தயவு பார்க்காமல் சொல்லிவிடலாம். ஒரு படம் மூன்று நிமிடமாவது திரையில் நின்றால்தான் கண் அதற்குள் போகும். கல்யாண மண்டபத்து மாடி அறைகளில் பகல் வெளிச்சம் திரையைத் தின்றுவிடும் என்பதால் மாலை ஆறரைக்கு மேல் வைப்பது நல்லது.

சிதறால் மலையை எடுத்துக்கொள்வோம். பழைய பெயர் திருச்சாரணம். இயற்கையாகக் கவிந்த பாறையின் அடியில் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி பொன்னணி கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. குரத்தி என்றால் பெண்குரு என்பதைப் பேச்சிலேயே சொல்லிவிட்டால், மலையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பின்னாளில் இது பகவதி கோயிலானது. அதனால் சமணச் சிற்பத்தையும் பகவதி வழிபாட்டையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைக்கிறது. அம்பிகை என்ற சமணப் பெண்தெய்வத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழுவிடமே விடலாம்: சிங்கமும் இரண்டு பிள்ளைகளும் அடையாளம்.

புடைப்புச் சிற்பம் ஆழம் குறைவு. உச்சி வெயிலில், நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். சிறு டார்ச் ஒன்றைக் கல்லின் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் பிடித்தால் தீர்த்தங்கரர் தலைக்கு மேலுள்ள முக்குடையின் விளிம்பும் எழுத்தின் பள்ளமும் எழும்பி வரும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தடவிப் படிக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். அது கல்லைக் கெடுக்கும், தொல்லியல் துறைக் காவலரின் கோபமும் நியாயமானதே. ஏறுபாதை நீளம், காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். நம் ஊருக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த மாதங்களில் பாறையில் பாசி பிடித்து வழுக்கும். தை முதல் பங்குனி வரை உத்தமம்.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறக்காது, மதியம் இடைவேளையும் உண்டு. செருப்பை வெளியே விட வேண்டும். பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் பத்தாவது பூவுக்குள் கழுத்து வலிக்கும். ஆளுக்கொரு கைக்கண்ணாடியை இடுப்புயரத்தில் பிடித்துக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் இந்தக் கூரைக்கே போனாலும் நஷ்டமில்லை. உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவரோவியங்களைப் பொதுவாகத் திறந்துவிடுவதில்லை. அதை நம்பி ஆளைச் சேர்க்கக் கூடாது.

சுவரோவியம் பேச்சுக்கு வளமான விஷயம். சுண்ணாம்பு, மணல் பூச்சு. அதன்மேல் பஞ்சு கலந்த பூச்சு. அதற்கும் மேல் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபத்தைந்து, முப்பது முறை தடவி வெண்மை ஏற்றுவார்கள். நிறங்கள் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை; அவற்றை ஒட்டவைக்கும் பிசினாக வேப்பம்பசை. இதைக் கேட்டபின் திருநந்திக்கரைக் குகைக்குப் போனால், அங்கே கோட்டுத் தடம் மட்டும் மிஞ்சியிருப்பதன் காரணம் தானே புரியும்: நிறம் நிற்பது பூச்சின் மேல், பூச்சு உதிர்ந்தால் ஓவியமும் உதிரும். அதனால்தான் மிஞ்சிய இடத்தில் விரல் படக்கூடாது. ஃபிளாஷும் வேண்டாம்.

சுசீந்திரத்தில் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மெல்லிய கல்தண்டு அதிர்வதால் ஒலி. நீளமும் பருமனும் மாறினால் சுருதி மாறும். இதைப் பேச்சிலேயே சொல்லி, தூணில் கை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கட்டி வரச் சொல்லிவிட்டால் திருவட்டாறு கோயிலுக்கும் அதுவே ஆகும்.

குழுவே வில்லுப்பாட்டு நிகழ்ச்சி நடத்தினால் பெரும்பாலும் கெடுவது ஒலிதான். தாளத்துக்குத் தட்டும் குடத்தின் வாய்க்கு நேரே மைக் வைத்தால் அதன் முழக்கம் உடுக்கையையும் வில்மணியையும் விழுங்கிவிடும். முன்னின்று பாடும் புலவருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று. குடத்துக்கு மைக்கே வேண்டாம். தோல்பாவைக் கூத்தானால் முதல் அரைமணி எல்லோரும் திரைக்கு முன்னால்தான். பிறகு ஐந்தைந்து பேராகப் பின்பக்கம் அனுப்பலாம். கூத்து நடத்துபவரிடம் முன்பே அனுமதி கேட்டு, அவருக்கான தொகையையும் முன்பே பேசி, நிகழ்ச்சி முடிந்த கையோடு கொடுத்துவிட வேண்டும்.