தோற்றால் நல்லது என்று சொல்லாதீர்கள்

2024 ஜூன் 6, வியாழக்கிழமை இரவு. அடிலெய்ட் ஓவல் மைதானத்தில் எங்கள் ஃபூட்டி அணி ரிச்மண்ட், அடிலெய்ட் அணியை 8 புள்ளிகளால் வென்றது. சைரன் ஒலித்தபோது நான் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்த மகள் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இப்ப வென்று என்னம்மா பிரியோசனம்? முதலாவது பிக் போயிடும்."

எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இதை எழுதுவது 2024 ஒக்ரோபரில். இந்த வருடப் பருவம் முடிந்துவிட்டது. அந்த அடிலெய்ட் வெற்றிக்குப் பிறகு நாங்கள் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. மொத்தம் 23 ஆட்டங்கள், 2 வெற்றி, 21 தோல்வி, 18 அணிகளில் கடைசி இடம். மகளைப்போல நிறையப் பேர் கதைக்கிறார்கள். ரயிலில் கேட்கிறேன், வேலைத்தலத்தில் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே 'ஃபூட்டி' என்றால் அவுஸ்திரேலிய விதிப்படி ஆடும் உதைபந்தாட்டம். முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. கடைசியாக வரும் அணிக்கு 'மரக்கரண்டி' கிடைத்தது என்பார்கள். ஆனால், அந்தக் கடைசி அணிக்குத்தான் வருட முடிவில் நாட்டிலுள்ள இளம் வீரர்களில் முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமை. அதைத்தான் 'ட்ராஃப்ட்' என்கிறார்கள், ஒவ்வொரு தெரிவும் ஒரு 'பிக்'. பலவீனமான அணி மீண்டும் எழவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவே சொந்த அணி தோற்க வேண்டும் என்று ஆட்களைக் கும்பிட வைக்கிறது.

நான் 1995இல் மெல்பேர்ண் வந்தேன். முதல் வேலை ரிச்மண்டில், பெட்டி கட்டும் வேலை. அணியின் சின்னம் புலி என்பதால்தான் நான் பிடித்துக்கொண்டேன் என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். இல்லை. ரயில் நிலையம்தான் காரணம். சனிக்கிழமை வேலை முடிந்து ரிச்மண்ட் நிலையத்துக்கு வந்தால், மஞ்சளும் கறுப்பும் அணிந்த சனம் எனக்கு எதிரே ஆறு மாதிரி எம்சிஜி மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். கைக்குழந்தை, ஊன்றுகோல் பிடித்த கிழவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும். வந்த புதிதில் ஒருவரையும் தெரியாத ஊரில், இவ்வளவு பேருக்கும் போக ஒரே இடம் இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. ஒரு நாள் நானும் திரும்பி அவர்களோடு நடந்தேன். அந்த வருடம் ரிச்மண்ட் அரையிறுதி மாதிரியான பிரிலிமினரி ஃபைனல் வரை போய், ஜீலோங்கிடம் 89 புள்ளியால் தோற்றது. அப்படித்தான் தொடங்கியது.

அதன்பின் பார்த்தவை கொஞ்சமல்ல. 2007இல் அதே ஜீலோங்கிடம் ஒரே ஆட்டத்தில் 157 புள்ளியால் தோற்றோம். அந்த வருடமும் கடைசி இடம். 2013இல் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இறுதிச்சுற்றுக்குப் போனோம், முதல் ஆட்டத்திலேயே வெளியே. 2014, 2015இலும் அதே கதை. 2017இல் அடிலெய்டை 48 புள்ளியால் வென்று கோப்பை தூக்கியபோது, 1980க்குப் பிறகு 37 வருடம் கழிந்திருந்தது. அன்று ஸ்வான் வீதியில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். பிறகு 2019, 2020. மூன்று கோப்பை.

இப்போது மகள் சொன்ன பிக் கதைக்கு வருகிறேன். அவளுடைய கணக்கு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் சொந்தச் சரித்திரம் என்ன சொல்கிறது? 2007இல் கடைசியாக வந்தோம், சரி. முதலாவது பிக் எங்களுக்கு வந்ததா? இல்லை. விசேட முன்னுரிமைத் தெரிவு கார்ல்டனிடம் இருந்தது, அவர்கள் முதலாவதாக மத்யூ குரோய்சரை எடுத்தார்கள். எங்களுக்கு இரண்டாவது. அதில் வந்தவர் ட்ரென்ட் கொட்சின், மூன்று கோப்பைக்கும் தலைவர். அதே ட்ராஃப்டில் 18ஆவது பிக்கில் வந்தவர் அலெக்ஸ் ரான்ஸ். அதற்கு முந்தின வருடம் 13ஆவதில் ஜக் ரீவோல்ட். 2009இல் முதல் இரண்டு தெரிவும் மெல்பேர்ண் அணியிடம். மூன்றாவது எங்களிடம். அந்த மூன்றாவது பையன் டஸ்டின் மார்ட்டின். மூன்று இறுதிப் போட்டியிலும் சிறந்த வீரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கத்தை அவரே வாங்கினார், வேறு எவரும் மூன்று முறை வாங்கியதில்லை.

ஆக, எங்களைத் தூக்கிய பையன்களில் ஒருவரும் முதலாவது பிக்கில் வரவில்லை. கொட்சின் வந்து கோப்பை தூக்கப் பத்து வருடம் எடுத்தது. அந்தப் பத்து வருடமும் அவரை வளர்த்தது நம்பர் அல்ல, பயிற்றுநர்கள், மூத்த வீரர்கள், மழையில் வந்து உட்கார்ந்த சனம். மெல்பேர்ண் அணி 2009இல் ஆடிய விதம் பற்றிப் பின்னர் விசாரணை நடந்து, 2013இல் 5 லட்சம் டொலர் தண்டம் கட்டியது. வேண்டுமென்று தோற்றதாக அவர்களைக் குற்றவாளியாகக் காணவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வருடங்களில் அந்த அணியின் ஆதரவாளர்கள் பட்ட பாட்டை நான் கூட வேலை செய்தவர்களிடம் பார்த்தேன். தோற்பது லாபம் என்ற எண்ணம் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது.

இந்த வருடம் ஏன் இப்படி ஆனது? 2022இல் இறுதிச்சுற்றில் பிரிஸ்பேனிடம் 2 புள்ளியால் தோற்றோம். இன்னும் ஒரு கோப்பை எடுக்கலாம் என்று நம்பி, அந்த வருட முடிவில் முதல் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்து டிம் டரான்டோவையும் ஜேகப் ஹொப்பரையும் ஏழு வருட ஒப்பந்தத்தில் கொண்டு வந்தார்கள். அதற்காக நான் ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன், அன்று என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஓம் என்றிருப்பேன். 2023 நடுவில் பயிற்றுநர் டேமியன் ஹார்ட்விக் விலகிப் பிறகு கோல்ட் கோஸ்ட் போனார். கொட்சினும் ரீவோல்ட்டும் ஓய்வு பெற்றார்கள். அடெம் யேஸ் முதல் தடவை தலைமைப் பயிற்றுநராக வந்து தொடங்கும் முன்பே முழங்கால் பிரச்சினை தொடங்கிவிட்டது. ஜட்சன் கிளார்க், ஜொஷ் கிப்கஸ், சாம் நைஸ்மித், மைகெல்டி லெஃபாவ். நாலு பேருக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது. டொம் லின்ச் ஒரு சில ஆட்டங்களே ஆடினார். ஒவ்வொரு கிழமையும் ஆட்டத்தைவிட அடுத்த நாள் ஸ்கான் அறிக்கைக்குத்தான் பயந்தேன்.

மே மாதத்தில் பிரிஸ்பேனில் கப்பா மைதானத்தில் 119 புள்ளியால் தோற்ற ஆட்டத்தை வேலைத்தலத்தில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். முதியோர் பராமரிப்பு வேலை, நினைத்த நேரம் உட்கார முடியாது. ஒவ்வொரு முறை அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதும் வித்தியாசம் கூடியிருந்தது. ஆனாலும் கடைசிக் கால்பகுதியில் இருபது வயது தாண்டாத பையன்கள் பந்து வைத்திருப்பவனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். நூறு புள்ளிக்கு மேல் பின்னால் இருக்கிறாய், உனக்கு யாரும் கை தட்டப் போவதில்லை, ஆனாலும் ஓடுகிறாய். அந்தப் பையனிடம் போய், "தம்பி, நீ தோற்பது எங்களுக்கு நல்லது" என்று யாரால் சொல்ல முடியும்? நான் மகளிடம் கேட்டதும் இதைத்தான். அவள் பதில் சொல்லவில்லை.

எங்கள் மற்ற வெற்றி ஈஸ்டர் ஞாயிறன்று, எம்சிஜியில், சிட்னிக்கு எதிராக 5 புள்ளியால். அதே சிட்னிதான் வருட முடிவில் அட்டவணையில் முதலிடம். கப்பாவில் எங்களைத் துவைத்த பிரிஸ்பேன் இறுதிப் போட்டியில் சிட்னியை வென்று கோப்பையை எடுத்தது. அட்டவணையின் அடியில் கிடந்த நாங்கள் உச்சியில் இருந்தவர்களை ஒரு நாள் வென்றோம் என்பது எனக்குச் சின்ன விஷயமல்ல. அன்று ரயிலில் முழுத் தூரமும் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

அப்புறம் ஜூன் 15. அடிலெய்ட் வெற்றிக்கு அடுத்த கிழமை, ஹோத்தோர்னுக்கு எதிராக டஸ்டின் மார்ட்டினின் 300ஆவது ஆட்டம். இரண்டே இரண்டு ஆட்டம் வென்ற அணியைப் பார்க்க அன்று 92,311 பேர் வந்தார்கள். ரிச்மண்ட் நிலையத்தின் சரிவுப் பாதையில் நடக்க இடமில்லை. முதுகில் மார்ட்டினின் இலக்கமான 4 எழுதிய சட்டை போட்ட பிள்ளைகள் எங்கே திரும்பினாலும். அவர் பந்தோடு ஓடும்போது ஒரு கையை நீட்டி, பிடிக்க வருபவனைத் தள்ளி வைப்பார். அந்தக் கை நீண்டால் மைதானம் முழுவதும் ஒரே மூச்சில் சத்தம் போடும். அன்றும் போட்டது. 48 புள்ளியால் தோற்றோம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

மார்ட்டினைப் பற்றி நினைக்கும்போது அவருடைய அப்பாவின் நினைவும் எனக்கு வரும். நியூசிலாந்துக்காரர். நாடு கடத்தப்பட்டதால் மகன் மூன்று முறை கோப்பை வென்றபோதும் இங்கே வந்து பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. 2021 டிசம்பரில் இறந்துபோனார். விசாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓகஸ்ட் மாதம் மார்ட்டின் ஓய்வை அறிவித்தார், 302 ஆட்டத்தோடு.

எம்சிஜியில் பன்ட் ரோட் பக்கம் என் இருக்கை. பக்கத்து இருக்கையில் எண்பது தாண்டிய ஒரு அம்மா. 1967 கோப்பையை நேரில் பார்த்தவர். அவரிடம் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வீரர்களின் இலக்கத்தையும் பெயரையும் பென்சிலால் எழுதுவார். யாராவது போனால் அழித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக வைப்பார். பேனையால் எழுதமாட்டார். நான் கொண்டுபோகும் மட்டன் ரோல்ஸை அவரும் அவருடைய தேத்தண்ணீரை நானும் பகிர்ந்துகொள்வோம். இந்த வருடம் 92,311 பேர் வந்த நாளிலும் இருந்தார், சில ஆயிரம் பேர் மட்டும் வந்ததுபோலத் தெரிந்த குளிர் நாட்களிலும் இருந்தார். ஒரு நாள் மகள் அவரிடமும் அந்தப் பிக் கதையைக் கதைத்தாள். அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, மைதானத்தில் ஒரு புதுப் பையனைக் காட்டி, "அது யார், இலக்கம் சரியாகத் தெரியவில்லை" என்று அவளிடமே கேட்டார். மகள் பார்த்துச் சொன்னாள். பிறகு ஆட்டம் முடியும்வரை அவருக்கு இலக்கம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அணிகள் வீரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்ளும் வர்த்தகக் காலம் இந்த மாதம் முடிந்தது. டானியல் ரியோலி கோல்ட் கோஸ்ட் போகிறார். ஷாய் போல்ட்டன் ஃப்ரீமாண்டில். லியாம் பேக்கரும் ஜக் கிரஹமும் வெஸ்ட் கோஸ்ட். நாலு பேரும் கோப்பை வென்றவர்கள். டிலன் கிரைம்ஸும் மார்லியன் பிக்கெட்டும் ஓய்வு. ரியோலி போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொரிஸ் ரியோலி 1982இல் தோற்ற அணியில் ஆடியே நோர்ம் ஸ்மித் பதக்கம் வாங்கியவர். அந்தக் குடும்பப் பெயரை எங்கள் சட்டையோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டேன். போகிறவர்கள் மேல் கோபமில்லை, அவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் அன்று இரவு சமைக்க மனம் வரவில்லை.

இவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தவற்றையும் சேர்த்து, வருகிற 2024 ட்ராஃப்டில் முதல் 24 தெரிவுகளில் எட்டு எங்கள் கையில். முதலாவதும் எங்களுடையதுதான். அடிலெய்டை வென்றும் அது போகவில்லை என்று மகளுக்குச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே என்னோடு சேர்த்துத் தன் அங்கத்துவத்தையும் புதுப்பித்தாள். காசைத் தானே கட்டினாள்.

போன கிழமை அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொப்பியில் 2, 4, 17, 29, 34, 50 எல்லாம் அழித்தாகிவிட்டதாம். நவம்பரில் ட்ராஃப்ட் நடக்கும் இரவில் கண் விழித்திருக்க அவரால் முடியாது. அதனால் மறுநாள் காலை நான் வேலை முடிந்து வந்ததும் அழைத்துப் பெயர்களைச் சொல்ல வேண்டும். எட்டுப் பெயர். ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டி, மெதுவாகச் சொல்லச் சொன்னார்.