சந்தன உடல், அரக்குக் கரை: காஞ்சிபுரத்தில் ஒரு முகூர்த்தப் புடவை

எங்கள் பக்கத்தில் கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. முன்பெல்லாம் மாமியார் எடுத்ததைப் பெண் கட்டிக்கொள்வாள். இப்போது பெண்ணும் வண்டியில் ஏறிவிடுகிறாள், நல்லதுதான். தம்பி கல்யாணத்துக்காக அம்மா, பெரியம்மா, நான், கல்யாணப் பெண் என்று ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சென்னையிலிருந்து கிளம்பினோம். காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் நிறச் சண்டை தொடங்கிவிட்டது. "முகூர்த்தம்னா அரக்குதான்" என்பது பெரியம்மா கட்சி. பெண் என்னிடம் போனை நீட்டி, "இந்தச் சந்தன கலர் எப்படி இருக்கு அண்ணி?" என்றாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குள் நுழையும்போதே பைக்கில் பக்கத்தில் வந்து, "நெசவாளர் வீட்டு விலைக்கே வாங்கித் தர்றேன்" என்று கூப்பிடும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கான கமிஷன் நம் பில்லில்தான் ஏறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போனோம். அம்மாவுக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் அங்கே இருக்கிறது. கடைக்குப் போகும் முன் தறியைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

முன்னறை முழுக்கத் தறி. பள்ளத்தில் காலை விட்டு அந்த அண்ணன் மிதிக்க, பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து ஓரத்து நாடாவை, அதாவது நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டையை, தள்ளிக்கொண்டிருந்தார். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. உடல் நூலும் கரை நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அதனால்தான் ஒரு நிறம் இன்னொன்றில் கலப்பதில்லை. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்மேல் நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவே அந்த அக்கா சொன்னார்: "ஓரம் தள்ள ஆள் கிடைக்கலம்மா. நான் சமைக்கப் போனா தறி நின்னுடும்." ஒரு பாவில் மூன்று புடவை வருமாம். நாங்கள் பார்த்தது இரண்டாவது.

பிறகு காந்தி ரோடு. முதலில் நுழைந்த பெரிய கடையில் ஏசி, காபி, வெள்ளை விரிப்பு எல்லாம் உண்டு. பெண் கேட்ட சந்தன நிறத்தில், அரக்குக் கரை போட்டு ஒன்றை விரித்தார்கள். பெரியம்மாவுக்கே முகம் மலர்ந்தது. நான் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கடை விளக்கில் அரக்காகத் தெரிந்த கரை, வெயிலில் வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. காரணம் தறியிலேயே புரிந்திருந்தது. அது கோர்வை இல்லை. ஒரே நாடா கரையிலிருந்து கரைக்கு ஓடியிருக்கிறது. கரையில் பாவு அரக்கு, குறுக்கே ஓடும் ஊடு நூல் சந்தனம். இரண்டும் கலந்தால் கரை வெளுக்காமல் என்ன செய்யும்? வெளிர் நிறம் கேட்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அடர் நிற உடலில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

விற்பனையாளர் சில்க் மார்க் அட்டையைக் காட்டினார். அது பட்டு சுத்தமானது என்பதற்குத்தான் உத்தரவாதம். கைத்தறியா, கோர்வையா, ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்பதெல்லாம் அதில் வராது. தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அங்கிருந்து நெசவாளர் கூட்டுறவு சங்கக் கடைக்கு நடந்தோம். பளபளப்பு குறைவு, மின்விசிறிதான், ஊழியருக்கு நம்மை மயக்க வேண்டிய அவசியமும் இல்லை. "கோர்வையில மட்டும் காட்டுங்க" என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மயில்கழுத்து, கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூ என்று வரிசையாக விரித்தவர், கடைசியாக எடுத்தது சந்தன உடலில் அடர்ந்த அரக்குக் கரை. உடலும் கரையும் சேரும் இடத்தில் தாழம்பூ ரேக்கு, பல் பல்லாகக் கூராக நின்றது. முந்தியும் அரக்கு. அதற்காகப் பாவு நூலையே மாற்றி இழை இழையாகக் கையால் பிணைத்திருக்கிறார்கள், பேட்னி என்கிறார்கள் இதை. புரட்டிப் பார்த்தால் அந்த இணைப்பு விரலில் லேசாகத் தட்டுப்படும்.

பெரியம்மா புடவையைப் பெண்ணின் தோளில் போட்டு, கரையை மட்டும் பார்த்தார். பெண் கண்ணாடியில் உடலை மட்டும் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று எந்திரத்தில் வைத்துக் காட்டச் சொன்னோம், காட்டினார்கள். நாங்கள் நினைத்திருந்ததைவிட ஆறாயிரம் கூடுதல். அம்மா பேசாமல் கார்டை நீட்டினார்.

கோயில்கள் நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. வரதராஜரைப் பார்க்க முடியாமல், மிளகும் சுக்கும் தூக்கலாக இருந்த கோயில் இட்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வரவேற்புக்கு லெஹங்கா வேண்டுமாம். அதற்கு சௌகார்பேட்டை போக வேண்டும். பெரியம்மா வரவில்லை என்று வண்டியிலேயே சொல்லிவிட்டார்.