கசற்றுகளில் இருக்கும் எங்கள் நிறுவனம்

மே 6
திருகோணமலை உவர்மலை வீட்டின் பின்னறையை இன்று திறந்தோம். மாமாவின் வீடியோ நிறுவனம் எடுத்ததெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. வி.எச்.எஸ்., ஹை-8, மினி டிவி (MiniDV) என்று எல்லா வகைக் கசற்றுகளும் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. நிறுவனத்தின் வரலாற்றை எழுதச் சொன்னது மாமி. பதிவுப் பத்திரத்தையும் சில பற்றுச்சீட்டுகளையும் விட்டால் எழுத்தில் ஒன்றும் இல்லை. கசற்றுகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மே 8
மாமா இன்று தொடக்கக் கதை சொன்னார். 1982 பெப்ரவரி 15இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்கு ரி.வி. வந்ததாம். அவர் அதோடு கசற்றை ஓடவிடும் ஒரு டெக்கும் வாங்கி, இரண்டையும் இரவு வாடகைக்கு விட்டிருக்கிறார். கலியாண வீடு, பூப்புனித நீராட்டு வீடு என்று அழைப்பு வந்தபடி இருக்க, தொண்ணூறுகளில் பனசொனிக் எம்-9000 வாங்கினார். முழு வி.எச்.எஸ். கசற்றையே உள்ளே வைத்துத் தோளில் சுமக்கும் கமரா அது.

எடிற்றிங்குக்கு இரண்டு டெக். ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவது. பெயர் போட இன்னொரு முறை பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கும். மூன்றாவதில் கூறைச் சேலையின் சிவப்பு ஓரம் தாண்டிக் கசியும். வீடுகளுக்குக் கொடுத்தது அந்தப் பிரதிதான். கமராவில் பதிந்த முதல் கசற்று இங்கே இருக்கிறது. அதில் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது.

மே 13
கடற்காற்றின் ஈரம் பல கசற்றுகளுக்குள் பூஞ்சணமாகியிருக்கிறது. அதை ஓடவிட்டால் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கசற்றுக்கும் தொற்றும். தனியே எடுத்து வைத்தேன்.

மே 19
இன்றைக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

கிண்ணியாக் கலியாணம் ஒன்றின் ரஷ், அதாவது வெட்டாமல் கமராவில் பதிந்தபடியே இருக்கும் கசற்று. மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதம். மாமா கமராவைப் பாதையின் பக்கம் திருப்பியிருக்கிறார். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். சைக்கிள்காரர், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓரமாக ஏறும் வான், கயிற்றை வீசுகிறவரின் கை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பாதையின் தேவை போயிற்று. கலியாண வீடியோவில் இந்தக் காட்சி ஒரு நொடிகூட இல்லை.

கசற்றில் இடம் மிஞ்சினால் தெருவை எடுப்பது மாமாவின் பழக்கம். சிவராத்திரிக்குப் பிறகு வரும் கோணேசர் நகர்வலத்திலும் அப்படித்தான். சுவாமி கடந்த பிறகும் கமரா ஓடுகிறது. நிறைகுடம் வைத்த வாசல்கள், கடைப் பலகைகள், இப்போது இல்லாத மாடி வீடுகள். ஊர் முழுவதும் இந்த மிச்சங்களில்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெருமை என்று நான் எழுதப்போவதும் இதைத்தான்.

மே 27
கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்கு அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சிகள் செய்த காலம். மாஸ்டர் கசற்று இரவு பஸ்ஸில் போகும். ஒளிபரப்பான பிறகு திரும்பி வந்ததே இல்லை. அதன்மேல் வேறு பதிந்துவிட்டார்களாம். மாமா இன்னும் ஆறவில்லை. எனக்கும் கோபம்தான்.

ஆனால் ரஷ் இருக்கிறது. ஒளிபரப்பில் இரண்டு வரி பேசிய, கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் இதில் கசற்று முடியும்வரை பேசுகிறார். மீன் சேரும் மடி கரைக்கு வரும்போது எப்படி இழுக்க வேண்டும், எந்தக் காற்றில் வலை போடக்கூடாது என்று விளக்குகிறார். பின்னால் ஆட்கள் வலை இழுக்கும் பாட்டான அம்பா பாடி இழுக்கிறார்கள். வெட்டாமல் முழுப் பாட்டும் கேட்கிறது! மூன்று முறை கேட்டேன்.

ஜூன் 2
சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 என்று எழுதிய கசற்றுகளைப் பிரதி எடுத்து உறையில் இட்டேன். அதில் முகம் தெரிகிறவர்களின் வீட்டாரைக் கேட்காமல் யாருக்கும் காட்டுவதில்லை என்று மாமா சொன்னார். அது சரியான முடிவு. அதற்குப் பிறகு என்.ஜி.ஓ. வேலைகள், சொனி பிடி-170 கமரா. பிறகு மெமரி கார்ட் வந்தது. ரஷ்ஷை அழித்து மறுபடி பதியும் பழக்கமும் கூடவே வந்தது. அந்தக் காலத்துக்கு அறையில் எதுவுமே இல்லை.

ஜூன் 10
மினி டிவி ஒரு மணி நேரக் கசற்று, கணினிக்கு ஏற ஒரு மணி நேரமே எடுக்கும். 13 ஜிபி அளவு பிடிக்கும். கமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினியை நண்பர் ஒருவர் இரவல் தந்திருக்கிறார். முதலில் பாதை, பிறகு அம்பா, அதற்குப் பிறகு நகர்வலம்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் கலியாணக் கசற்று இருந்தால் நேரே டெக்கில் போடாதீர்கள். முன்மூடியைத் திறந்து வெளிச்சத்தில் நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அப்படியே வையுங்கள், துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். கலியாணம் முடிந்த பிறகும் கசற்று ஓடுகிறதா என்று கடைசிவரை பாருங்கள்.