பத்து ரூபாய் காசு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. இன்று எங்கள் சிறப்புப் பள்ளி வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வந்த ஆறு பேரில் குமாரும் ஒருவன் (பெயரை மாற்றியிருக்கிறேன்). அக்டோபரில் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் இலவசக் கல்வி 6 வயதிலிருந்து 18 வரைதான். அதற்குள் இவனுக்குப் பணம் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் அன்றாடத் திறன்களை நாங்கள் மதிப்பிடுவது எம்.டி.பி.எஸ். படிவத்தை வைத்து. மெட்ராஸ் பெயரில் உள்ள பழைய படிவம்தான்: 18 பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள். சாப்பிடுவது, உடுத்துவது, நேரம், பணம் என்று போகும். குமார் தானே குளிப்பான், பொத்தான் போடுவான், தேவனாம்பட்டினத்துக்கு எந்த பஸ் என்று கைகாட்டுவான். பணம் என்ற பிரிவில் மட்டும் தொடக்கத்திலேயே நிற்கிறான்.

அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் காசு டப்பாவை எடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். அவன் அம்மா மீன் விற்கிறவர். காசு எப்படிச் சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

ஆகஸ்ட் 6, புதன்

நிஜக் காசுகளை மேஜையில் பரப்பினேன். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒரே வெள்ளை. புதுசும் பழசும் கலந்து கிடந்தால் எனக்கே கண்ணாடி தேவைப்படுகிறது. ஒன்றில் தொடங்கி வரிசையாக ஏற வேண்டும் என்பது நம் பழக்கம். அந்த வரிசை அவனுக்கு எதற்கு? அவனுக்கு வேண்டியது தெருமுனைக் கடைப் பருப்பு வடை. வடை பத்து ரூபாய். அதனால் பத்து ரூபாய்க் காசிலேயே தொடங்கினேன்.

வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. இருபது ரூபாய்க் காசு இதற்கு நேர் தலைகீழ், ஓரத்தில் பன்னிரண்டு பட்டை. அதை இப்போதைக்கு ஒளித்துவைத்துவிட்டேன். பத்து ரூபாய்க் காசுகள் ஐந்தை எடுத்து, சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தேன். சாயங்காலத்துக்குள் பத்துக்கு ஏழு தடவை சரியாக எடுத்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வடை வாங்குவதை ஆறாகப் பிரித்தோம். கடைக்குப் போவது, நிற்பது, ‘ஒரு வடை’ என்பது, காசைக் கொடுப்பது, வடையை வாங்குவது, சாப்பிட்டபின் தாளைத் தொட்டியில் போடுவது. சொல்லிக்கொடுப்பது கடைசியிலிருந்து. முதலில் எல்லாவற்றையும் நான் செய்தேன், தாளை மட்டும் அவன் போட்டான். அப்புறம் வடையை வாங்குவதும் அவன். அப்புறம் காசு. இப்படிப் போனால் ஒவ்வொரு தடவையும் வேலை முடிவது அவன் கையில்தான். ஆயாம்மா கடைக்காரராக நடித்தார். ரொம்பத்தான் நடித்தார், கடன் கிடையாது என்று போர்டுகூட எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

நிஜக் கடை. குமார் நின்றான், ‘ஒரு வடை’ என்றான், காசை நீட்டினான்.

“பத்து ரூபா காயின் செல்லாதுப்பா.”

நீட்டிய கை அப்படியே இருந்தது. ‘ஒரு வடை’ என்று இன்னும் சத்தமாகச் சொன்னான். கேட்கவில்லை என்று நினைத்திருப்பான். மூன்றாவது தடவைக்குப் பிறகு காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அவசரமாக நோட்டைக் கொடுத்து வாங்கிய வடையை அவன் தொடவில்லை. அவன் பக்கம்தான் நியாயம். காசு கொடுத்தால் வடை என்று சொல்லிக்கொடுத்தது நான்தானே.

ரிசர்வ் வங்கி 2018லேயே பத்து ரூபாய்க் காசின் 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்துவிட்டது. கடைக்காரரிடம் கோபமாகவே சொன்னேன்.

“எனக்குத் தெரியும் டீச்சர். வாங்கிட்டு எங்க கொண்டுபோய்த் தள்றது? மளிகைக்காரன் வாங்க மாட்டேங்கிறான். டப்பா நிறைய கிடக்குது.”

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

குமாரின் அம்மா பாதுகாவலர் மனு விஷயமாக வந்தார். பதினெட்டு முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பாதுகாவலர் ஆக முடியும். “பெத்தவளுக்கு எதுக்கு டீச்சர் மனு?” என்றார். படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

அப்புறம் வடைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“அந்த அண்ணன் டப்பாவுல கிடக்கிறத எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. நோட்டா தந்துடறேன்.”

“நீங்க என்னம்மா பண்ணுவீங்க? டவுன் பஸ்ல குடுக்கலாம்னா உங்களுக்குத்தான் டிக்கெட்டே இல்லையே.”

“மீதி சில்லறையா குடுப்பேன். வேணாம்னா மீனை வச்சுட்டுப் போவட்டும்.”

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஆனால் குமார் கடைக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டான். செவ்வாயும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான். இன்று கடைக்காரரே கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினார். குமார் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பொட்டு மேலே தெரிகிற மாதிரி காசைத் திருப்பி வைத்தான். ‘வடை’ என்றான். ‘ஒரு’ விட்டுப்போயிற்று, போகட்டும். ஓரத்து மொறுமொறுப்பை முதலில் கடித்தான். தாளை நாலாக மடித்துத் தொட்டியில் போட்டான். மடிக்க நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி, விடுமுறை. இன்று காலை வந்ததும் குமார் மூடிய கையை என் முன்னால் விரித்தான். பத்து ரூபாய்க் காசு, ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்த சிவப்புப் பொட்டு. என் மேஜையிலிருந்து வடைக் கடைக்குப் போய், அவன் அம்மாவின் சுருக்குப் பைக்குப் போய், அவன் கைக்கே வந்திருக்கிறது. லேசாக மீன் வாசனை.

என் பையிலிருந்து பொட்டில்லாத ஒரு காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதைத் தள்ளிவிட்டான். அவனுக்கு அது காசில்லை.

சரி, ரிமூவர் வாங்க வேண்டும். நாளைக்கு ஐந்தில் ஒரு காசில் மட்டும், பாதிப் பொட்டை அழித்துப் பார்க்கிறேன்.