அறிக்கை வந்து நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது

சின்ன வெங்காயத்தின் தாளை அறுக்கும் கருவிக்கு 2021-ல் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டேன். ப்ரொவிஷனல் என்ற தற்காலிக விண்ணப்பம், 12 மாதத்துக்குள் கருவியை முழுதாக விளக்கும் விவரக்குறிப்பு, பரிசோதனை கேட்கும் படிவம் 18 எல்லாம் ஏஜென்ட் மூலமாக ஒழுங்காகவே நடந்தன.

ஒரு நாள் ராத்திரி விண்ணப்ப எண்ணைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் பரிசோதனை அறிக்கை, அதாவது எஃப்இஆர், வெளியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது! அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தை நாமே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால், "ஃபார்வர்டு பண்ணினேனே சார்" என்றார். எனக்கு எதுவும் வரவில்லை. அன்று தூக்கமே இல்லை. அப்போதைய விதிப்படி படிவம் 4 கொடுத்து 3 மாதம் நீட்டித்திருக்கலாம்தான். அதற்கும் மாதக் கணக்கில் கட்டணம், அதையும் கெடு முடிவதற்குள் கேட்க வேண்டியிருந்தது.

வேறு ஏஜென்ட்டிடம் போய், படிவம் 26-ல் புதிய அதிகாரம் கொடுத்து, தொடர்புக்கு என் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொன்னேன். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அறிக்கையில் உண்மையான அடி வேறு இடத்தில் இருந்தது. பரிசோதகர் ஒரு பழைய வெளிநாட்டுக் காப்புரிமையை எடுத்துக்காட்டி, இதில் இன்வென்டிவ் ஸ்டெப், அதாவது துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புதுமை, எங்கே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் கருவியின் உயிரே கத்தியின் கோணம்தான். 22 டிகிரியில் இருந்தால்தான் தாள் மட்டும் அறுபடும், வெங்காயத்தில் கீறல் விழாது. விவரக்குறிப்பிலோ "சாய்வான கத்தி" என்று மட்டும் எழுதியிருந்தோம். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 59-ன்படி, முதலில் சொல்லாத விஷயத்தைத் திருத்தம் என்ற பெயரில் பிற்பாடு நுழைக்க முடியாது.

புது ஏஜென்ட் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்றாம் படத்தில், கத்திக்குப் பக்கத்தில், நான் பென்சிலால் போட்டு அப்புறம் மை தீட்டிய 22 டிகிரிக் குறி இருந்தது. வரைபடமும் விவரக்குறிப்பில் ஒரு பகுதிதான். அதை வைத்துக் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியை, திருத்தினோம். கெடுவுக்கு 9 நாள் முன்னால் பதில் போய்விட்டது.

ஹியரிங் வீடியோவிலேயே நடந்தது. எழுத்துப்பூர்வ வாதத்துக்கு 15 நாள், அதை ஐந்தாம் நாளே கொடுத்தோம். பேட்டன்ட் கிடைத்தது.

விண்ணப்பம் தரமாக இருந்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது. பரிசோதகரின் நேரமும் மிச்சம். அளவு, கோணம், ஏன் அந்தக் கோணம், எல்லாவற்றையும் முதல் தடவையே எழுதுங்கள். இன்னொன்று: 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்குப் பரிசோதனை கேட்க 48 மாதம் கிடையாது, 31 மாதம்தான். அதுவும் ப்ரொவிஷனல் போட்ட தேதியிலிருந்தே எண்ண வேண்டும்.

பேட்டன்ட் தாமதமாகக் கிடைத்தால் அதுவரை சேர்ந்த புதுப்பிப்புக் கட்டணத்தைப் பதிவேட்டில் ஏறிய 3 மாதத்துக்குள் கட்ட வேண்டும். யாராவது நினைவுபடுத்தட்டும் என்று காத்திருக்காமல், சான்றிதழ் வந்த வாரமே கட்டிவிட்டேன்.