ஏக்யூஏஆருக்கு ஸ்டாஃப் சாதனைகளை சேகரிச்ச கதை

எங்களுது அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி, பேரு வேணாம். ஐக்யூஏசி, அதாவது காலேஜோட தரத்த பாத்துக்கற உள் குழு, அதோட மீட்டிங்ல என் தலைல கட்டுன வேலை என்னன்னா அந்தக் கல்வியாண்டுல டீச்சிங், நான்-டீச்சிங் ரெண்டு தரப்பும் என்னென்ன பண்ணாங்கன்னு, அதாவது பேப்பர், புக், பிஎச்டி, அவார்டு, எஃப்டிபி (ஆசிரியர்களுக்கான பயிற்சி) எல்லாத்தையும் ஆதாரத்தோட சேகரிச்சு, கல்லூரிகளுக்கு தர மதிப்பீடு குடுக்கற நாக் (NAAC) அமைப்புக்கு வருஷா வருஷம் போற ஏக்யூஏஆர்ங்கற தர அறிக்கைல ஏத்தணும். அடுத்து யார் மாட்டப்போறீங்களோ அவங்களுக்காக எழுதறேன்.

கூகுள் ஃபார்ம் போட்டேன். வாட்ஸப் க்ரூப்ல எல்லாரும் கட்டைவிரல் காட்டினாங்க, ஃபார்ம்ல ஒருத்தரும் வரல. நேர்ல போய் கேட்டா "நான் என்னத்த பெருசா பண்ணிட்டேன் சார், போங்க"ன்னு ஒரு அடக்கம். ஆனா இதே ஆளுங்க கேஸ் (CAS) ப்ரமோஷனுக்கு, அதாவது பதவி உயர்வுல சம்பள லெவல் 10-லருந்து 11 போறதுக்கு ஒரு ஃபைல் வச்சிருப்பாங்க பாருங்க, அதுல என்னைக்கோ போன செமினார் சர்டிஃபிகேட் கூட லேமினேஷன் பண்ணி இருக்கும். அதனால சாதனைய சொல்லுங்கன்னு கேக்கறத விட்டுட்டு "கேஸ் ஃபைல ஒரு நாள் குடுங்க மேடம், ஸ்கேன் பண்ணிட்டு தந்துடறேன்"னு கேட்டேன், பாதி வேலை அதுலயே முடிஞ்சுது. கெமிஸ்ட்ரி மேடம் ஒருத்தவங்க என்பிடெல்ல (ஐஐடிக்காரங்க நடத்தற ஆன்லைன் வகுப்பு) 12 வாரக் கோர்ஸ் முடிச்சு எலைட் ப்ளஸ் சில்வர் சர்டிஃபிகேட் வாங்கிருக்காங்க, அதுக்கு 75 மார்க்காவது வேணும், சென்டருக்கு போய் உக்காந்து பரீட்சை எழுதணும். பக்கத்து சீட்ல இருக்கறவருக்கே தெரியல.

அடுத்து பேப்பர் கணக்கு, உண்மையான தலைவலி இங்கதான். நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி, பேரு பின்னாடி. ஜர்னல்காரன் லாஸ்ட் நேம் கேப்பான், ஒரு தடவை அப்பா பேர போடுவோம், இன்னொரு தடவை இனிஷியலயே போட்டு விட்டுருவோம், கடைசில ஸ்கோபஸ்ங்கற ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் தளத்துல ஒரே ஆள் மூணு ஆளா நிப்பார், மூணு பேருக்கும் தனித்தனியா சைட்டேஷன் (மத்தவங்க மேற்கோள் காட்டுன எண்ணிக்கை). எல்லாரையும் ஆர்சிட் (ORCID) போட வச்சேன், ஆய்வு எழுதறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா குடுக்கற 16 இலக்க நம்பர், காசு கிடையாது, கொஞ்ச நேரம்தான் ஆகும். ஸ்கோபஸ்ல சிதறிக் கிடக்கற ப்ரொஃபைல ஒண்ணா சேக்கச் சொல்லி அவங்க சைட்லயே ரிக்வெஸ்ட் குடுக்கலாம், அதுவும் ஃப்ரீதான். இதுக்கு காசு கேக்கற ஏஜென்ட் யாராச்சும் வந்தா கதவ சாத்திடுங்க.

போலி ஜர்னல் பத்தியும் சொல்லணும். நல்ல ஜர்னலோட பேரு, அதே ஐஎஸ்எஸ்என் நம்பர் (ஒவ்வொரு ஜர்னலுக்கும் குடுக்கற அடையாள எண்), வெப்சைட் மட்டும் வேற, கட்டணத்த கட்டுனா வாரத்துக்குள்ள பப்ளிஷ்டு. இதுக்காகத்தான் யூஜிசி 2019-ல கேர் லிஸ்ட்னு ஏத்துக்கத்தக்க ஜர்னல்களோட பட்டியல கொண்டு வந்தாங்க, 2025 பிப்ரவரில அதையும் நிறுத்திட்டாங்க, இனி எது நல்ல ஜர்னல்னு காலேஜே பாத்துக்கணுமாம். நான் பண்ணது, ஐஎஸ்எஸ்என் போர்ட்டல்ல நம்பர போட்டு டைட்டிலும் வெப்சைட்டும் ஒத்துப்போகுதான்னு பாத்தேன், டிஓஐ (பேப்பரோட நிரந்தர இணைய எண்) இருந்தா க்ளிக் பண்ணி சரியான பேப்பருக்கு போகுதான்னு பாத்தேன். சில பேப்பர நீக்க வேண்டியிருந்துச்சு, ஒரு சார் என்கூட கொஞ்ச நாள் பேசல. பரவால்ல, டிவிவில, அதாவது நாக் நம்ம டேட்டாவ சரிபாக்கறப்ப, கேள்வி வந்தா பதில் எழுதப்போறது அவர் இல்ல, நான்.

எஃப்டிபி கணக்குல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, 5 நாளுக்கு கம்மியான ப்ரோக்ராம் டிவிவில நிக்காது, ஒரே ஆள் வருஷத்துல எத்தன போனாலும் ஒரு தடவதான் எண்ணுவாங்க. லாக்டவுன் சமயத்துல சேத்த ஒருநாள் வெபினார் சர்டிஃபிகேட்டெல்லாம் கட்டு கட்டா இருக்கு, ஒண்ணுக்கும் ஆகாது.

நான்-டீச்சிங் பக்கம் வந்தப்பதான் எனக்கே கோவம் வந்துச்சு. பாட்டனி லேப்ல ஒரு அண்ணன், அட்டெண்டர் போஸ்ட். ஹெர்பேரியம் ஷீட் (உலத்துன செடிய ஒட்டி வைக்கற அட்டை) எல்லாம் அவர் கைவேலைதான், 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டைல செடிய ஒட்டி இலை ஒண்ணு மேல்பக்கம் ஒண்ணு கீழ்பக்கம் தெரியற மாதிரி வச்சிருப்பார். கள்ளிமுளையான் ஷீட் ஒண்ண காட்டி "இது சதைப்பத்து சார், வெந்நீர்ல முக்கி எடுக்காம அமுக்குனா பேப்பருக்குள்ளயே உசுரோட கெடக்கும், சமயத்துல வளரவும் செய்யும்"னார். எந்தக் கரட்டுல (சின்னக் குன்றுல) எந்த மாசம் என்ன பூக்கும்னு பசங்கள கூட்டிட்டுப் போறதே இவர்தான், ஒரு பேப்பரோட நன்றி பகுதில இவர் பேரு அச்சாகியிருக்கு. ஏக்யூஏஆர் டெம்ப்ளேட்ல இத எந்தக் கட்டத்துல போடறது? அப்படி ஒரு கட்டமே இல்ல. ஆனா அதே வருஷம் ஆஃபீஸ் நடைமுறை பத்தி 5 நாள் ட்ரெயினிங் ஒண்ணுல இவர உக்கார வச்சிருந்தாங்க, "ஏசி நல்லா இருந்துச்சு சார்"ங்கறார், அது பயிற்சிக்குன்னு இருக்கற 6.3.3 பகுதில ஜம்முனு ஏறிடுச்சு.

ப்ரின்சிபால்ட்ட சண்ட போடல, ஆனா விடாம நச்சரிச்சேன். ஏக்யூஏஆர்ல வழியில்லன்னா ஆண்டு விழா அறிக்கைலயாவது வரட்டும்னு சொல்லி ஹெர்பேரியம் வேலைய அண்ணன் பேரோட ஒரு பத்தி எழுதிக் குடுத்தேன், வாசிச்சாங்க. லைப்ரரில வேலை பாத்துக்கிட்டே தொலைதூரக் கல்வில டிகிரி முடிச்ச அக்காவும் அதே பக்கத்துல வந்தாங்க.

எல்லாத்தையும் பிடிஎஃப் ஆக்கி, காலேஜ் வெப்சைட்ல ஏத்தி, லிங்க டெம்ப்ளேட்ல ஒட்டி சப்மிட் பண்ணியாச்சு. சாஞ்சு கிடக்கற ஃபோட்டோவ நிமித்தறதுக்கே தனியா ஒரு ஆள் வேணும்ங்க. இந்த வருஷம் மாசக் கடைசில டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தர்ட்ட வாங்கற மாதிரி மாத்திருக்கேன். தமிழ், இங்லீஷ், காமர்ஸ் எல்லாம் கரெக்டா குடுத்துடறாங்க, இன்னும் வராதது எங்க சொந்த டிபார்ட்மென்ட்தான், கேட்டா "நீதான் இருக்கியே, பாத்துப் போட்டுக்கோப்பா"ங்கறார் ஹெச்ஓடி.