வராகன் கணக்கில் ஒரு உயில்

என்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் போன வருடம் என் தலையில் ஒரு வேலையைக் கட்டினார். அவருடைய மூதாதை ஒருவர் பரங்கிமலையில் கிழக்கிந்தியக் கம்பெனி பீரங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்து, 1809-இல் இறந்துபோனவர். "நீங்கள் மெட்ராஸ்காரர்தானே, அவர் உயிலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார். சரி என்றுவிட்டேன்.

மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டில் பதிவான உயில்களின் நகல்களை அப்போது லண்டனுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த அரசுத் துறை) ஆவணங்களோடு இருக்கின்றன. நான் தேடிய இணையப் பட்டியலில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையே தப்பாக ஏற்றியிருந்தார்கள். இரண்டு சனிக்கிழமைகள் அதிலேயே போயின.

உயில் ஒன்றரைப் பக்கம்தான். உடல் தளர்ந்திருந்தாலும் புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஆரம்பம். நம் ஊர்ப் பத்திரத்தில் 'நல்ல சுயநினைவோடு' என்று எழுதுவோமே, அதேதான். "என் பிள்ளைகளின் தாய்க்கு" 60 வராகன் (அன்றைய மெட்ராஸ் பொன் நாணயம்), கட்டில், பாத்திரங்கள். மகனை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் விடுதியில் சேர்க்க வேண்டும். மகளைப் பற்றி, தாயோடு இருக்கட்டும் என்று ஒரே வரி.

சொத்துக் கணக்கு வேறு தொகுதியில் இருந்தது. சிப்பாய் செத்தால் அவன் சாமான்களை ஏலம் விடுவது வழக்கம். இரண்டு சட்டை, ஒரு சவரக்கத்தி, ஒரு வெள்ளி பக்கிள் என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்று பத்தியாக எண்கள். எத்தனை முறை கூட்டியும் மொத்தம் இடித்தது. 30-ம் 25-ம் கூட்டினால் 55 வரவேண்டிய இடத்தில் 13 என்று எழுதி, ஒன்றைப் பக்கத்துப் பத்திக்குத் தள்ளியிருந்தார் அந்த எழுத்தர். அப்புறம்தான் உறைத்தது: வராகன், பணம், காசு! 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். ரூபாயில் ஒரு வராகன் மூன்றரை. ஆக அந்த அம்மாளுக்கு விட்டது 210 ரூபாய்.

ஒரு வார்த்தையில் மட்டும் சிக்கிக்கொண்டேன். பாக்கிச் சம்பளம் பெறவேண்டியவர்களில் 'டன்னிகெட்ச்' என்று ஒருவர். பெயரா, ஊரா, பதவியா? அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுப் படித்தேன். தண்ணி... தண்ணிக்காச்சி! வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற பெண். அந்தக் கால மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் வேலைக்காரியை அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 60 வராகன் வாங்கிய பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். உயிலில் எங்கும் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைக்கும் என்று நம்பி அடுத்த சனிக்கிழமையும் போனேன். மகனின் பதிவு கிடைத்தது. அதில் தகப்பன் பெயரும் படைப்பிரிவும் மட்டும்தான்.